பச்சோந்திக்குத் திரை போட்டவர்

ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் ஒன்று கிடைத்தால், அதற்கென வேறு காலக்கெடு விதிக்கப்படாதவிடத்து, முப்பது நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். இது இத்தாலியச் சட்டம். தொண்ணூறாம் ஆண்டு வந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியின் ஓய்வூதியப் பிரிவில் இளமையைத் தொலைத்த எனக்கு, ஓர் அரசாங்கம் தனக்குத்தானே கெடு வைத்துக்கொள்வதைப் படித்தபோது கண் கலங்கியது. காவியம் படித்தால் வரும் கலக்கம். காவியத்தில் உள்ளபடி எவரும் நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொரு சட்டமும் அந்த நாட்டில் உண்டு. வீட்டில் வளர்க்கும் பாதுகாக்கப்பட்ட விலங்குக்குக் குஞ்சு பிறந்தால், வளர்ப்பவர் பத்து நாட்களுக்குள் வனக்காவலருக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் தண்டம். பச்சோந்தியின் பிள்ளைக்கான கெடுவைத் தவறவிட்டால் தண்டம் உண்டு. மனுசியின் பிள்ளைக்கான கெடுவைத் தவறவிட்டால் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பச்சோந்திகள் அருகி வருகின்றன.

இந்த இரண்டு சட்டங்களும் ஒரே வசந்தத்தில் ஒரே பெண்ணின் தலைக்கு மேலே வந்து நின்றன. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பலெர்மோவில், விய லிபர்த்தாவுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் கட்டடம் இருந்தது. ஐந்து மாடி. கீழே கண்ணாடிக் கூண்டுக்குள் வாசல்காவலனாக நான். தபால் பிரிப்பது, படிக்கட்டுக் கழுவுவது, லிஃப்ட் இடையில் நின்றுவிட்டால் உள்ளே அகப்பட்டவரோடு ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருப்பது ஆகியவை என் கடமைகள். ஊர்த்தமிழர் பாதிப்பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வியாதி. மூக்குக்கண்ணாடியும் சட்டைப்பையில் பேனாவும் இருந்ததால் மூன்றாம் மாடி சிஞ்ஞோரா என்னை "ராஜியோனியேரே" என்று கூப்பிடுவார். கணக்காளரே என்று பொருள். கேலியா மரியாதையா என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் மரியாதையும் போய்விடும் அபாயம் இருந்தது.

அந்த சிஞ்ஞோரா, காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரின் விதவை. அவருடைய வீட்டில் தங்கி வேலை செய்தவர்தான் நான் சொல்லும் பெண். பெயர் சொல்லப்போவதில்லை. தெருவில் யாராவது தன் பெயரை உரக்கக் கூப்பிட்டாலே அவர் தோளைக் குறுக்கிக்கொள்வார், பெயரில் அடி விழுந்துவிட்டது போல. யாழ்ப்பாணத்துக்காரர். கட்டையான உருவம். நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்பார். ஆனால் எதிலும் முட்டமாட்டார். கணவர் செல்லடியில் இறந்தவர். ஒரே மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியபோது பிள்ளைக்கு எட்டு வயது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நடந்துகொண்டிருக்கும் எதையும் அவர் பார்க்கமாட்டார்.

சோறு அடுப்பில் இருந்தால் மூடியைத் திறக்கமாட்டார். காதைக் கிட்டக் கொண்டுபோய் ஓசையைக் கேட்டே இறக்குவார். "திறந்து பாத்தா சோறு வெக்கப்பட்டுப்போய் அரைவேக்காட்டிலை நிண்டிடும்" என்பார். லிஃப்டைக் கீழே அழைக்கப் பொத்தானை அழுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார். எந்த மாடியில் வருகிறது என்று காட்டும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களால்தான் அது அடிக்கடி பழுதாகிறது என்பது அவருடைய கருத்து. லிஃப்ட் திருத்த வருபவர் சொன்ன காரணங்களைவிட அது ஒன்றும் மோசமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம், சைவமென்ன கிறிஸ்தவமென்ன, எல்லோரும் பெல்லெகிரினோ மலை ஏறிச் சாந்தா ரொசாலியாவின் குகைக்குப் போவார்கள். அவரும் ஏறுவார். சைவக்காரர்தான், ஆனாலும் நேர்த்தி என்றால் மலை உயரத்தில் இருப்பவர் எவரானாலும் சரி. குகைக்குள் மற்றவர்கள் கண்ணாடிப் பேழைக்குள் படுத்திருக்கும் புனிதையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, இவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

"என்ன தங்கச்சி, அம்மாவோடை கோவமோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டுப்போட்டு மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிக்கிறது பொலிஸ்காரன்ரை வேலை அண்ணை. அவ செய்யிறதைச் செய்யட்டும்."

பல்லரோச் சந்தையில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றில் பிள்ளைத்தாச்சி ஒருத்தி நின்றாள். கடைக்காரரின் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்து, "வயிறு இறங்கிட்டுது, பெடியன்தான்" என்று தொடங்கியதுதான் தாமதம். இவர் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையைக் கீழே போட்டார். வேண்டுமென்றேதான். காய் உருண்டோட, எல்லோரும் குனிய, பேச்சு அறுந்தது. வெளியே வந்ததும் என்னிடம், "நாவூறு எண்டா என்னெண்டு தெரியாத சனம் கடை வைச்சிருக்கினம்" என்றார். பிறகு திரும்பிப் போய்ச் செத்தல் மிளகாய் வாங்கினார். அந்தப் பிள்ளைத்தாச்சிக்காகத் தன் குசினியில் சுற்றிப் போட.

மகளின் படத்தைக் கைப்பைக்குள், முகம் உட்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். "வளர்ற பிள்ளை" என்பதுதான் காரணம்.

அந்த வளர்கிற பிள்ளையை இத்தாலிக்குக் கூப்பிடும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். குடும்ப இணைவு. திருமணமாகாத, வயது வராத பிள்ளையை, வேலை உள்ள தாயோ தகப்பனோ கூப்பிடலாம். பிள்ளைக்கு அப்போது பதினைந்து நடந்தது. தமக்கை குடும்பம் ஊர்விட்டு ஊர் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தது. வளர்ந்த பிள்ளைகளைச் சண்டைக்கு வரச்சொல்லி இயக்கக்காரர் வீடுவீடாகக் கேட்டுத் திரிந்த காலம். வருகிறாளா, வரமுதல் அங்கே யாராவது கேட்டுவிடுவார்களா என்பதுதான் கேள்வி. இதை அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, பேனையை மூடாமலே கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணை, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். வேறை ஆருக்கும் மூச்சு விடக்கூடாது."

"சரி. உங்கடை அக்காவுக்கு எழுதவேணும்தானே? பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுவந்து ஆயத்தமா வைச்சிருக்க..."

"அக்காவுக்கும் இல்லை. பிள்ளைக்கும் இல்லை. கையிலை கிடைச்சாப் பிறகு சொல்லுவம். முதல்லை சொன்னா அது பட்டுப்போம்."

"சட்டத்திலை அப்பிடி ஒரு பிரிவும் இல்லை தங்கச்சி."

"சட்டம் எழுதினவன் தோட்டம் செய்திருக்கமாட்டான்" என்றார்.

பிரதிகள் எல்லாம் என் மேசை இழுப்பறையில் இருந்தன. தன்னோடு வைத்திருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லும் என்று அவரே தந்தவை. முப்பது நாள் முடிந்த அன்று நான் நினைவூட்டினேன். "போய்க் கேக்க உரிமை இருக்கு." தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் படியேறினார். பிறகு மாதாமாதம் நினைவூட்டினேன். அந்த அலுவலகத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். அங்கே ஒரு நடைமுறை, எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது, ஆனால் தவறாமல் கடைப்பிடிக்கப்பட்டது: ஒருவர் வந்து கேட்டால்தான் ஒருவர் எழுந்து தேடுவார். கேட்கப்படாத கோப்பு எங்கே வைக்கப்பட்டதோ அங்கேயே இருக்கும்.

இனிப் பச்சோந்தி.

சிஞ்ஞோராவின் மகன் மிலானோவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன பிராணி அது. கண்ணாடி அடைத்த பின் பால்கனியில், ஆள் நிற்கக்கூடிய கம்பிவலைக் கூடொன்றைக் கட்டி, உள்ளே செடியும் கிளைகளும் வைத்துவிட்டுப் போனான். ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பான். தாயிடம் சுகம் விசாரிக்க அரை நிமிடம், மிச்சம் பச்சோந்தி. என்ன சாப்பிட்டது, என்ன நிறம், எவ்வளவு நீர் குடித்தது. சிஞ்ஞோரா முட்டாள் அல்ல. ஒருநாள் தபால் வாங்க வந்தபோது சொன்னார்: "ராஜியோனியேரே, அந்தப் பிராணி செத்துப்போனால் எனக்கு மகனும் இல்லை."

ஆக, கம்பிக்கூட்டுக்குள் இருந்தது ஒரு தொலைபேசி இணைப்பு. அதைப் பராமரிக்கும் வேலை எங்கள் ஆளிடம் வந்து சேர்ந்தது. உயிருள்ள வெட்டுக்கிளிகளை வெள்ளைச் சுண்ணத்தூளில் பிரட்டிப் போடுவார். குவளையில் நீர் வைத்தால் அது குடிக்காது. இலையில் துளியாகத் தொங்கினால்தான் நக்கும். ஆகவே காலை மாலை தெளிகருவியால் தூவுவார். ஊரில் ஓணானுக்குக் கல்லெறிந்த கூட்டத்தில் வந்தவர்தான். முதல் வாரம் அருவருத்தார். பிறகு "அது" என்பது "இவ" ஆயிற்று. "இவ இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை அண்ணை" என்று கூண்டருகே வந்து சொல்லிவிட்டுப் போவார்.

மாசி பங்குனி வாக்கில் இவ உண்மையிலேயே சாப்பாட்டை விட்டார். பச்சைத் தோலில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் எழுந்தன. வயிறு இரண்டு பக்கமும் புடைத்தது. நாள்முழுக்கக் கிளையில் இருந்த பிராணி கூட்டின் தரைக்கு இறங்கி மூலை மூலையாக நகத்தால் சுரண்டியது. சிஞ்ஞோரா கூட்டுக்கு முன்னால் நின்று கைதட்டி, "என்ன அழகான தொந்தி!" என்று பாராட்டினார். பத்து நிமிடத்தில் மூன்றாம் மாடி முழுவதும் மிளகாய்ப் புகை.

சிஞ்ஞோரா இருமிக்கொண்டு படிக்கட்டின் மேலிருந்து என்னைக் கூப்பிட்டார். "ராஜியோனியேரே! என் வீட்டை ஏன் கொளுத்துகிறாள் என்று கேளும்!"

நான் ஏறிப்போய்க் கேட்டேன்.

"கண்ணூறு கழிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அவ வாயை வைச்சிட்டா."

மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோரா கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, கண்ணூறு படாமல் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த சிறு பவளக் கொம்பை வெளியே இழுத்துக் காட்டினார். "மிளகாயா? நாங்கள் தண்ணீர்த் தட்டில் எண்ணெய் விடுவோம். இவ்வளவு புகை இல்லை." அன்று மாலை இரண்டும் நடந்தன. படித்த ஒருவன் அந்தக் கட்டடத்தில் தனித்துவிடப்பட்டான்.

மிருக வைத்தியர் வந்தார். குதிரைவால் கட்டிய இளைஞர். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, முட்டை என்றார். ஆண் துணை இல்லாமலும் இந்த இனத்துக்கு முட்டை உருவாகுமாம், பொரிக்காது. ஆனால் இட்டே ஆக வேண்டும். தோண்டுவதற்கு ஆழமான ஈரமணல் வேண்டும். இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துவிடும். "இன்னொன்று. தோண்டும்போது யாரும் பார்க்கக் கூடாது. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் குழியைக் கைவிட்டுவிடும். பிறகு தோண்டாமலே போகலாம்."

எங்கள் ஆள் மெதுவாகத் தலையசைத்தார். வாசல்வரை வைத்தியரை வழியனுப்பிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இந்த ஊரிலை வேலை தெரிஞ்ச ஒருத்தனை இண்டைக்குத்தான் கண்டனான்."

மணல் மொண்டெல்லோவிலிருந்து வந்தது. ஒரு வியாழக்கிழமை, அவருடைய ஓய்வு நாளில், கடற்கரைக்குப் பஸ்ஸில் போய் இரண்டு பை நிறைய அள்ளி வந்தார். பொதுக் கடற்கரையிலிருந்து மணல் அகற்றுவது குற்றம் என்று நான் சட்டப்பிரிவோடு எடுத்துச் சொன்னேன்.

"அரசாங்கம் எண்ணி வைச்சிருக்கோ?"

"இல்லை. ஆனால்..."

"அப்ப விடுங்கோ அண்ணை. பையைப் பிடியுங்கோ, கை விட்டுப்போச்சு."

கடல் மணலின் உப்பு ஆகாது. குளியலறையில் குந்தியிருந்து, அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பது போலச் சிஞ்ஞோராவின் பேசின் ஒன்றில் அந்த மணலைச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினார். தண்ணீரை ஊற்றுவார், சுழற்றுவார், வடிப்பார், விரலில் தொட்டு நாக்கில் வைப்பார், துப்புவார், மறுபடி ஊற்றுவார். கடைசியில் நாக்கில் ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆடி ஆவணியில் தக்காளிச் சாறு காய்ச்சும் பெரிய அலுமினியப் பானையில் அதை நிரப்பிக் கூட்டுக்குள் இறக்கினார். பிறகு தன் பழைய வாயில் சேலை ஒன்றை எடுத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டினார். மூலையில் கரியால் ஒரு பொட்டு.

அன்றிலிருந்து அந்தப் பால்கனி யாருக்கும் இல்லை. வீட்டுக்காரி தன் காலைக் கோப்பியைக் குசினியில் நின்றபடி குடித்தார். நீர் தூவ வேண்டிய நேரத்தில் எங்கள் ஆள் சேலைக்குள் கையை மட்டும் விட்டு, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தூவுவார். கிட்டத்தட்டச் சுவரோடு கதைப்பவர் போல. உள்ளே நகம் மணலைக் கீறும் ஓசை வரும். நிற்கும். மறுபடி வரும்.

அந்த நாட்களில்தான் நான் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பது என்று மாடியேறினேன். விண்ணப்பம் கொடுத்து ஆண்டு ஒன்று கழிந்து இன்னொன்றும் பாதி போயிருந்தது. பிள்ளைக்குப் பதினேழு. அவர் குசினியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், பால்கனிக்கு முதுகு காட்டி.

"தங்கச்சி, நாளைக்கு நானும் வாறன். ஒரு சொல்லுக் கேட்டிட்டு வருவம். ஒருக்காக் கேட்டா ஒருத்தன் எழும்பித் தேடுவான்."

"மெல்லக் கதையுங்கோ. அவ தோண்டுறா."

"பிள்ளைக்குப் பதினெட்டு வந்தா எல்லாம் முடிஞ்சுது. தெரியும்தானே?"

பட்டாணித் தோலை மடியில் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார். "எனக்குத் தெரியாததோ அண்ணை? ஒவ்வொரு நாளும் தெரியும். ஆனா இவ்வளவு தூரம் வந்ததை எட்டிப் பாத்துக் கெடுக்கேலாது. இப்ப வேண்டாம். இவ முடிக்கட்டும். பிறகு பாப்பம்."

"இவவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

உள்ளே கீறும் ஓசை நின்றிருந்தது. அவருடைய கையும் நின்றது. பட்டாணி ஒன்று விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. பிறகு ஓசை மறுபடி தொடங்க, அவரும் உரிக்கத் தொடங்கினார். நான் இறங்கி வந்துவிட்டேன். நான் இறங்கியது உயிரியல் காரணத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில், வருடப்பிறப்புக் கழிந்து சில நாளில், இவ முட்டையிட்டார். எங்களுக்குத் தெரிந்தது ஓசையின் மாற்றத்தால்தான். கீறல் போய், மணலைத் தள்ளி மூடி மிதிக்கும் ஓசை வந்ததாம். அது முடிந்து கிளையில் ஏறிய அரவம் கேட்ட பிறகே சேலையை அவிழ்த்தார். என்னையும் கூப்பிட்டார். பச்சோந்தி தோலும் எலும்புமாகக் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தலைக்கொண்டையில் மணல். ஒரு கண் எங்களையும் மற்றது சுவரையும் பார்த்தது. அவர் கூட்டுக்குள் தலையை விட்டு அதை நேருக்கு நேர், அருகிலிருந்து, ஆசை தீரப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. "கெட்டிக்காரி" என்றார். அதன் பிறகு நீரைத் தூவினார். அது நெடுநேரம் குடித்தது.

முட்டைகளை எறிந்துவிடலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எங்கள் ஆள் எறியவில்லை. பானையிலிருந்து கையால் தோண்டி எடுத்து, பழைய துவாயில் பொதிந்து, முற்றத்து அரளித் தொட்டியில் புதைத்தார். சின்னச் சின்னதாய், வெள்ளையாய், மெத்தென்றிருந்தன. வனக்காவலருக்கு அறிவிக்க வேண்டுமா என்று சிஞ்ஞோரா கேட்டார். வேண்டியதில்லை என்றேன். சட்டம் பிறப்பைத்தான் கேட்கிறது. பிறப்பதற்கு எடுத்த பாடு அதற்கு வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு மகன் தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தான். சிஞ்ஞோரா எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஆளும் ஒரு துண்டு தின்றார். நான் அலுவலகத்தை நினைவூட்டினேன். "முதல்லை இதைத் தின்னுங்கோ அண்ணை. நல்ல சகுனம். இனி வரும்" என்றார். அந்தக் கிழமையும் போகவில்லை, அடுத்த கிழமையும் போகவில்லை. நல்ல சகுனத்தை விசாரணை செய்து கெடுக்கலாமா?

ஆவணி கடைசியில் தொலைபேசி வந்தது. வன்னியிலிருந்து வெளியே வர இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒரு ஆளைப் பிணையாக அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். தமக்கையும் மகளும் அப்படி வவுனியாவுக்கு வந்து, கடையொன்றிலிருந்து சிஞ்ஞோராவின் வீட்டுக்கு எடுத்திருந்தார்கள். அரை மணி கழித்து அவர் படியிறங்கி வந்தார். லிஃப்ட் எடுக்கவில்லை. என் கூண்டுக்குள் இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தார்; அதற்கு முன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதாம் அண்ணை."

"எப்ப?"

"ஆனியிலை. கோயிலிலை தாலி மட்டும் கட்டினவையாம். வீடுவீடாக் கேட்டு வந்தவங்களாம். 'கழுத்திலை ஒண்டு கிடந்தாக் கேக்கமாட்டினம், உன்னட்டை இருந்தும் ஒரு சேதி இல்லை, நான் என்னடி செய்யிறது' எண்டு அக்கா அழுறா. நல்ல பெடியனாம்." கைப்பையை மடிக்கு இழுத்தார். "இஞ்சை கடதாசி போட்டிருக்கு எண்டு இப்பதான் சொன்னன். அக்கா, 'உதை ஏனடி முதல் சொல்லேல்லை' எண்டு கேட்டா."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது நடைமுறை மட்டும்தான். "தங்கச்சி, தாலி மட்டும்தானே. பதிவில்லை. சட்டப்படி பிள்ளை இன்னும் கலியாணம் ஆகாதவள். வவுனியா மட்டும் வந்திட்டாள்தானே? அப்பிடியே கொழும்புக்குப் போய் நிண்டாளெண்டால்..."

"அதையும் கேட்டனான்." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "'அவரைத்தான் பிணை வைச்சிட்டு வந்தனான் அம்மா. நாளைக்குத் திரும்பிப் போகோணும்' எண்டாள். என்னோடை கதைச்சது அவ்வளவுதான். குரல் பெரிய மனுசின்ரை குரல்."

அதன் பிறகு அவர் சொன்னது என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"நாளைக்கு அந்த ஒப்பீசுக்குப் போவம் அண்ணை."

"இனி எதுக்கு?"

"அது வந்திருக்குமோ எண்டு அறியோணும். ஆனிக்கு முதல் வந்திருக்குமோ இல்லையோ. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

போனோம். அடுத்த கிழமையும் போனோம். அதற்குப் பிறகு அவர் என்னை எதிர்பார்க்கவில்லை. தன் ஓய்வு நாளெல்லாம் தனியே போனார். இரண்டொரு முறை நான் கூடப்போனபோது கண்டதைச் சொல்கிறேன். சாளரத்துக்கு முன்னால், வரிசையில் இடம் வந்ததும், அவர் அந்த எழுதுநரின் முகத்தை நேராகப் பார்த்தார். இமைக்காமல். எழுதுநர் "செயற்பாட்டில் உள்ளது" என்றார். அந்தச் சொல்லை எந்த மொழியிலும் எனக்கு அடையாளம் தெரியும். இவர் நகரவில்லை. பார்த்தபடி நின்றார். எழுதுநர் கடதாசியை ஒதுக்கினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், யன்னலைப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"ஒரு திகதி" என்றேன்.

வீட்டிலும் எல்லாம் மாறிப்போயிற்று. சோற்றுப்பானையின் மூடியைத் திறந்து வைத்தே சமைத்தார். லிஃப்ட் விளக்கை அண்ணாந்து பார்த்து நின்றார். மகளின் படம் கைப்பையின் வெளிப்பக்கத்தில் முகம் தெரிய இருந்தது. அதில் அவளுக்கு எட்டு வயது. பச்சோந்திக்குக் கார்த்திகையில் மறுபடி வயிறு வைத்தது. மணல் பானை இறங்கியது, ஆனால் சேலை கட்டப்படவில்லை. அவர் கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார் என்று சிஞ்ஞோரா வந்து சொன்னார். "ராஜியோனியேரே, அவளிடம் கதையும். அந்தப் பிராணி கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது." நான் கதைத்தேன். "பாத்தாப் பட்டுப்போம் எண்டு சட்டத்திலை இல்லை எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்" என்றார். கடைசியில் சிஞ்ஞோராவே தன் சாப்பாட்டு மேசை விரிப்பை எடுத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டினார். பிராணி பிழைத்தது. இந்த முறை அவர் திரையை அவிழ்க்கப் போகவில்லை.

பதில் வந்தது சாந்தா லூசியாவின் நாளில். அன்று பலெர்மோவில் எவரும் கோதுமைப் பாண் தின்பதில்லை. விடியலிலிருந்து ஊர் முழுக்கச் சோற்றுருண்டை பொரியும் மணம். கண்களுக்குக் காவலான புனிதை அவர். தெருமுனைச் சுருவத்தில் தன் இரண்டு கண்களையும் ஒரு தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு நிற்பார்.

தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த உறை என் கைக்கு வந்தது. அவருடைய சார்பில் என் கூண்டு விலாசமே கொடுத்திருந்ததால் திறக்கும் உரிமை எனக்கு இருந்தது. திறந்தேன். அனுமதிக்கப்பட்டிருந்தது. திருமணமாகாத, வயது வராத மகளின் வருகைக்குத் தடையில்லை. கீழே முத்திரை, கையொப்பம். மேலே, வலது மூலையில், கையொப்பமிட்ட திகதி.

சித்திரை மாதத்துத் திகதி அது. மேலே சேலைக்குள் நகம் மணலைக் கீறிக்கொண்டிருந்த கிழமை. ஆனிக்கு முழுதாக இரண்டு மாதம் இருந்தது. கையெழுத்தான கடதாசி யாரும் கேட்காததால் ஏதோ ஒரு தட்டில் கிடந்திருக்கிறது. இவர் போய் நின்று பார்த்துக்கொண்டேயிருந்ததால் ஒருவர் எழும்பித் தேடியிருக்கிறார்.

படியில் செருப்புச் சத்தம். அவர் இறங்கி வந்தார். சிஞ்ஞோரா எனக்கென்று கொடுத்துவிட்ட சோற்றுருண்டைத் தட்டு கையில். என் மேசையில் உறையைக் கண்டார். தட்டை வைத்துவிட்டு, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பழையபடி எனக்கு முதுகைக் காட்டித் தெருப்பக்கம் திரும்பி நின்றார்.

"நீங்களே வாசியுங்கோ அண்ணை."

தமிழில் வாசித்தேன். அனுமதி என்ற சொல் வந்த இடத்தில் அவருடைய தோள் அசையவில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்ப எழுதினதெண்டு போட்டிருக்கு?"

அவர் திரும்பவில்லை. நான் கடதாசியை மடித்தேன். வாழ்நாள் முழுவதும் நான் எந்த ஆவணத்திலும் ஒரு திகதியை மாற்றி வாசித்ததில்லை. இழுப்பறையைத் திறந்து, மற்றப் பிரதிகளுக்கு அடியில் அதை வைத்து மூடினேன்.

"போன கிழமைதான் தங்கச்சி" என்றேன். "டிசம்பர் அஞ்சு."